சிபில் தார்ன்டைக் அம்மையார்

இங்கிலாந்தின் கெயின்சுபரோ என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு, கிறித்தவ சமயகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தவர் சிபில் தார்ன்டைக் அம்மையார். இளமையில் இவரது நாட்டமெல்லாம் இசையின்மீதே சென்றது. இலண்டனில் பியானோ பயின்று அரங்கிலும் வாசித்தார். ஆயினும் மணிக்கட்டில் நோவு கண்டது. விரல்கள் ஏவல் கேட்க மறுத்தன. இசை கைவிடவே, நாடகத்தைப் பற்றினார்.

1904ஆம் ஆண்டு பென் கிரீட் என்பாரது குழுவிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார். சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட வேடங்களைத் தாங்கினார். ஓயாது உரத்துப் பேசி நடித்தமையால் குரல் கெட்டது. முன்னர்க் கை, பின்னர்க் குரல்! மருத்துவர் சொற்படி பல நாள் வாய்திறவாதிருந்து, இழந்த குரலை மீண்டும் பெற்றார். 1908ஆம் ஆண்டு நடிகர் லூயிசு காசனை மணந்தார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. தேம்சு ஆற்றின் தென்கரையில் எளிய மக்களுக்கெனக் குறைந்த கட்டணத்தில் நாடகம் நடத்தி வந்த 'ஓல்டு விக்' அரங்கில் அம்மையார் அப்போது சேர்ந்தார். ஆடவர் பலர் போர்க்களம் சென்றுவிட்டனர். வேடம் புனைய ஆளில்லை. அதனால் சேக்சுபியரின் நாடகங்களில் அரசிளங்குமரனாகவும், லியர் மன்னனின் விதூடகனாகவும் இவரே நடித்தார். நம் கூத்துமேடையில் ஆண்மகன் பெண்வேடம் தாங்குவான். ஆங்கோ பெண்மகள் ஆண்வேடம் தாங்கினாள். வானிலிருந்து பகைவர் குண்டு வீசிய நாட்களிலும் அரங்கம் மூடப்படவில்லை. இவருடைய தம்பியரில் ஒருவர் 1917இல் அப்போரிலே உயிர் நீத்தார்.

பெர்னார்டு சா என்னும் நாடகாசிரியர், 1922இல் இவர் நடித்த துன்பியல் நாடகம் ஒன்றின் நீதிமன்றக் காட்சியைக் கண்டார். பிரெஞ்சு வீராங்கனை சோன் வேடத்திற்கு உரியவர் இவரே எனத் துணிந்தார். 1924இல் 'செயின்ட் சோன்' இலண்டனில் அரங்கேறியது. சோன் தீயிலிடப்பட்டபோது அகவை ஏறத்தாழப் பத்தொன்பது, அம்மையாருக்கோ நாற்பத்தொன்று. அவையோர் அதனை எண்ணிப் பார்த்திலர். 1931இல் 'டேம்' என்னும் பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது.

திரைப்படத்திலும் நடித்தார். 1915இல் செருமானியராற் சுடப்பட்ட செவிலி எடித் கேவல் வரலாறாகிய 'டான்' என்னும் படம் 1928இல் வெளிவந்தது. செருமனியின் மனம் புண்படுமென்று தணிக்கைக் குழுவினர் இசைவு மறுத்தனர். எனினும் இலண்டன் மாவட்ட மன்றம் இசைவளித்தது. இருப்பினும் அம்மையாரின் உள்ளம் மேடையையே சார்ந்திருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, கணவருடன் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊர்கள்தோறும் சென்று 'மாக்பெத்' நாடகத்தை நடித்துக் காட்டினார். அகவை அறுபதை நெருங்கிய காலம் அது. 1969இல் லெதர்கெட்டு நகரில் இவர் பெயரால் எழுந்த அரங்கிலே, எண்பத்தாறாம் அகவையில் இறுதியாக மேடையேறினார். 1976இல் மறைந்த அம்மையாரின் சாம்பல் வெசுட்மினிசுட்டர் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.