தோற்கிற அணியோடு தொண்ணூறு நிமிடம்

விருத்தாசலம் சந்திப்பில் ரயிலேறினால் எழும்பூர் 200 கிலோமீட்டருக்கும் மேல். சென்னை நேரு மைதானத்தில் ஏழரை மணிக்குத் தொடங்கும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகு வண்டி பிடித்து ஊர் வந்து சேர்ந்தால் நள்ளிரவு எப்போதோ தாண்டியிருக்கும். 2018-19 பருவத்தில் சென்னையின் எஃப்.சி.யைப் பார்க்க இப்படி அலைந்தவர், பெரும்பாலும் தோல்வியைத்தான் பார்த்துத் திரும்பியிருப்பார். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாம் முறையாகக் கோப்பை தூக்கிய அதே அணிதான். அடுத்த பருவத்தின் 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது, 13-ல் தோற்றது. பத்து அணிகளில் பத்தாவது இடம்.

அப்படியும் போனவர்கள் இருந்தார்கள். ஏன் போனார்கள் என்று அறிவியலைக் கேட்கலாம். அதனிடம் நல்ல பதில்கள் இருக்கின்றன.

முதலில் நஷ்டக் கணக்கு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டால்டன், ஜார்ஜ் மெக்கெரன் இருவரும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று கைப்பேசிச் செயலி அவ்வப்போது கேட்க, ஆயிரக்கணக்கானோர் அளித்த பதில்களைக் கால்பந்து முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெற்றி தரும் மகிழ்ச்சியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு துயரத்தைத் தோல்வி தருகிறது என்று தெரிந்தது. அதாவது, ஒரு தோல்வியைத் துடைக்க இரண்டு வெற்றிகள் தேவை. சென்னையின் ரசிகருக்கு அந்தப் பருவத்தின் 13 தோல்விகளைத் துடைக்க 26 வெற்றிகள் வேண்டியிருந்தன. கிடைத்தவை இரண்டு.

இந்தக் கணக்கில் பலர் கழன்றுகொள்வது இயல்புதான். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976-லேயே அதைக் காட்டினார். பல்கலைக்கழக அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை அதன் பெயர் பொறித்த சட்டைகள் வகுப்பறைகளில் கூடுதலாகத் தென்பட்டன. வெற்றியைப் பற்றிப் பேசும்போது ‘நாம்’ என்ற மாணவர்கள், தோல்வியைப் பேசும்போது ‘அவர்கள்’ என்றார்கள். தமிழில் இந்த மாற்றம் வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். “ஜெயிச்சுட்டோம்” என்று கத்திய அதே வாய், மறுவாரம் “தோத்துட்டாங்க” என்று ஒதுங்கிக்கொள்ளும். தோற்ற இரவிலும் “தோத்துட்டோம்” என்று சொல்பவர்தான் ரசிகர் என்பது என் கருத்து.

அவருக்குக் கிடைப்பது என்ன? ஆட்டம் நடக்கும்போதே கிடைக்கும் ஒன்று உண்டு: முடிவு தெரியாத அந்தத் தவிப்பு. விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சில் வார்த்த பொம்மைகளைச் சூளையில் அடுக்கிவிட்டால், எது முழுசாக வரும், எது விரிசல் விடும் என்று திறக்கும்வரை தெரியாது. எல்லாமே தேறும் என்றோ எல்லாமே உடையும் என்றோ முன்பே தெரிந்துவிட்டால், திறக்கிற நேரத்தில் நெஞ்சு படபடக்காது.

மூளையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் 2003-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளுக்குச் சில படங்களைக் காட்டினார்கள். சில படங்களுக்குப் பின் பழச்சாறு நிச்சயம்; சிலவற்றுக்குப் பின் நிச்சயமாக இல்லை; மற்றவற்றுக்குப் பின் வரலாம், வராமலும் போகலாம். காத்திருக்கும் அந்த நொடிகளில் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறியது. எப்போது மிக அதிகம் தெரியுமா? வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது. குரங்கின் மூளையை அப்படியே மனிதர் மேல் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 1-1 என்று நிற்கும் எண்பதாவது நிமிடத்தில் நம் உடம்பு உணர்வதற்கு இதைவிட நெருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கால்பந்தில் இந்தத் தவிப்பு எளியவனுக்கும் கிடைக்கிறது. காரணம், கோல்கள் அரிதாக விழுகின்றன. சராசரியாக இரண்டு கோல் போடும் அணியும் ஒரு கோல் போடும் அணியும் மோதுவதாக வைத்துக்கொள்வோம். அரிதான நிகழ்வுகளுக்குக் கணிதவியலார் பயன்படுத்தும் புவாசோன் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், பாதி பலமே உள்ள அணி நூற்றுக்கு 18 முறை வெல்லும். 21 முறை சமன் செய்யும். பத்தில் நான்கு ஆட்டங்களில் தோற்காமல் வீடு திரும்பலாம். கூடைப்பந்தில் 100 புள்ளி அணியிடம் 50 புள்ளி அணிக்கு இப்படி ஒரு வாய்ப்பே கிடையாது. எலி பென்-நாயிம் குழு ஐந்து விளையாட்டுகளின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அலசியபோது, பலவீனமான அணி அதிகமாக வென்றது இங்கிலாந்துக் கால்பந்தில்தான்.

நெருக்கமான ஆட்டம் கொடுமையும் செய்யும். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களைக் கேளுங்கள். 2014 இறுதி ஆட்டத்தில் இஞ்சுரி டைமில், 95-வது நிமிடத்தில் விழுந்த ஒரே கோலில் தோல்வி. 2016-ல் சொந்த ஊரான கொச்சியில் பெனால்டியில் தோல்வி. 2022-ல் ஐதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோல்வி. மூன்று இறுதி ஆட்டங்கள் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன பிறகும் கொச்சியில் மஞ்சள் சட்டைக் கூட்டம் கலையவில்லை.

மார்த்தா நியூசன் தலைமையில் நடந்த பிரிட்டன் ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. பிரீமியர் லீக்கில் பத்தாண்டுகளில் அதிகம் வென்ற ஐந்து அணிகள், அதிகம் தோற்ற ஐந்து அணிகள் ஆகியவற்றின் ரசிகர்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டார்கள். சண்டர்லேண்ட், ஹல் போன்ற தோற்ற அணிகளின் ரசிகர்கள்தான் சக ரசிகர்களை ரத்த உறவு போல நினைத்தார்கள். சேர்ந்து பட்ட துன்பம் அவர்களைப் பிணைத்திருந்தது. நம் ஊரிலும் கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவோம். சாவுக்கு வந்து நின்றவரை மறப்பதில்லை.

நாயன்மார் சுந்தரர், விருத்தாசலம் கோயிலின் இறைவன் பழமலைநாதரிடம் பெற்ற பொன்னை அங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது அந்த ஊர்க் கதை. கோப்பைக்காகச் செலவிட்ட அன்பு, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாதவரிடமிருந்து திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் பகுதியில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் ஆட்ட நாளில் ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். நெஞ்சு வலித்தால், ஆட்டம் 1-1 என்று நின்றாலும், 89-வது நிமிடமாக இருந்தாலும், உடனே எழுந்து மருத்துவமனைக்குப் போங்கள்.