பரணிலிருந்து இறங்கிய ஏர்கன்

பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று சாயங்காலம் ஒரு சாக்குப் பொட்டலத்தோடு வந்தான். வடசேரியில் அவன் தாத்தா வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம். பிரித்தால் பழைய ஏர்கன். குழலெங்கும் துரு, கட்டையில் ஒட்டடை. மடக்கிச் சுட்டுப் பார்த்தானாம். ‘புஸ்’ என்றதோடு சரி. “இது இனிமே சுடுமா மாமா?” என்று கேட்டான். சாயாவும் ரசவடையும் வந்தன. உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பேச ஆரம்பித்தேன்.

முதலில் குழலின் மேல் எண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணைத் தேடினோம். 177 என்று இருந்தது. அதாவது 4.5 மில்லிமீட்டர் துளை. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை இந்த அளவுக்கு மேற்போகாமலும் சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். 22 என்று இருந்திருந்தால் துளை இதைவிடப் பெரிது, உரிமம் வேண்டும். சாயாவை வைத்துவிட்டு முதலில் அந்த வேலையைப் பார்த்திருப்போம். பழைய துப்பாக்கிகளில் 22 நிறைய உண்டு என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நம்மில் பலர் இந்தச் சாமானைப் பார்த்தது திருவிழா பலூன் கடையில்தான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவோ சுசீந்திரம் தேரோட்டமோ, கடைக்காரர் குழலை மடக்கி, ரவை போட்டு, நம் கையில் தருவாரே, அதே இயந்திரம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய சைக்கிள் பம்பு போதும். பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக நாலு தடவை அடியுங்கள். அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் சூடேறும். ஏர்கன்னும் ஒரு பம்புதான். கைக்குப் பதில் ஸ்பிரிங் அடிக்கிறது. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போகிறது, ஸ்பிரிங் சுருங்குகிறது, கொக்கியில் மாட்டி நிற்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து, எதிரிலுள்ள காற்றை ஒரு சின்னத் துளை வழியாக ரவையின் முதுகில் அறைகிறது. அரை கிராம் ஈயம் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 10 ஜூல். சேர்த்துவைத்த காற்று எதுவும் கிடையாது. எல்லாம் அந்த ஒரே அடியில்தான்.

அந்த அடி துப்பாக்கியையும் உலுக்கும். ஸ்பிரிங் விரியும்போது ஒரு உதை பின்னால்; பிஸ்டன் போய் முட்டும்போது ஒரு உதை முன்னால். ஆகவே இறுக்கிப் பிடிக்கிறவனுக்குக் குறி தவறும். இடது உள்ளங்கையில் சும்மா கிடத்த வேண்டும், அது தன்போக்கில் குலுங்கட்டும். இந்த உதையைச் சமாளிக்க, ஜெர்மனியில் செய்த ஃபைன்வெர்க்பாவ் 300 என்ற போட்டித் துப்பாக்கியில் இயந்திரப் பகுதி முழுவதையும் தண்டவாளம் மாதிரி ஒன்றின்மேல் நகரவிட்டார்கள்.

‘புஸ்’ஸுக்கு வருவோம். பழைய ஏர்கன்களில் பிஸ்டன் தலையில் தோல் வாசர் இருக்கும், கிண்ண வடிவில். கொல்லன் துருத்தியில் காற்றைப் பிடித்து வைப்பதும் தோல்தானே. தோல் காய்ந்தால் சுருங்கும், ஓரமாகக் காற்று கசியும். பல துப்பாக்கிகள் செத்துவிட்டன என்று மூலையில் போடப்பட்டது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். தோலுக்குத் தாகம், அவ்வளவே. குழலை மடக்கி, காற்றுத் துளையில் தோலுக்கான கொழுப்பெண்ணெய் சில சொட்டு விட்டு, கட்டை கீழே இருக்கும்படி ராத்திரி முழுக்க நிறுத்திவைக்க வேண்டும். எண்ணெய் இறங்கி வாசரில் ஊறும். நம் ஊரில் எதற்கும் கை தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். இங்கே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகி பிஸ்டனைப் பிடிக்கும். இயந்திர எண்ணெயும் ஆகாது. நெருக்கிய காற்றின் சூட்டில் அது டீசல் இஞ்சினில் போலவே பற்றி ‘டமார்’ என்று வெடிக்கும், புகை வரும். பையன்களுக்கு அது பிடிக்கும், ஸ்பிரிங்குக்கும் வாசருக்கும் அது கேடு.

ஊறியும் உயிர் வராவிட்டால் புது வாசர். கெட்டித் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேத் பட்டறையில் கடைந்த அச்சில் அழுத்தி, கிண்ணமாக வளைந்ததும் காயவிட்டு, பிறகு எண்ணெயில் போட வேண்டும். அதற்குத் துப்பாக்கியைக் கழற்றியாக வேண்டும். மடக்காமல் கிடக்கும்போதும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. முதன்முதலில் நான் கிளாம்ப் போடாமல் கழற்றினேன். ஸ்பிரிங் பாய்ந்து சுவரில் காரை பெயர்ந்தது. என் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது. தச்சர் வைத்திருக்கும் நீளக் கிளாம்பில் பூட்டி, மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும்.

துருவுக்கு உப்புத்தாள் போடவே கூடாது. இரண்டு பருவமழையும் கடல் காற்றும் சேர்ந்த நம் ஊரில் துரு வரத்தான் செய்யும். மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் துரு மட்டும் போகும், அடியில் நீலக் கறுப்பும் முத்திரை எழுத்தும் தங்கும். அந்த எழுத்தில்தான் வரலாறு இருக்கிறது. லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைக்க, 1905 முதல் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி ஏர்கன் செய்தது. ஜெர்மனியின் டயானா முத்திரையில் வேட்டைத் தெய்வம் வில்லை வீசிவிட்டு ஏர்கன்னைத் தூக்கிப் பிடித்திருப்பாள். சிமெண்ட் குழாய்க்குப் பேர்போன நம் இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனியும் ஏர்கன் செய்திருக்கிறது. தேய்த்து எழுத்தை அழித்துவிட்டால் பளபளக்கும் இரும்புதான் மிச்சம்.

தம்பி கேட்டான்: “தாத்தா இத வச்சு கொக்கு சுட்டிருப்பாரோ?” சுட்டிருக்கலாம். ஒரு காலத்தில் ஏர்கன் என்றாலே குளத்துக்கரைதான். அதை மறைக்கவும் முடியாது, தொடரவும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022 முதல் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் பறவைகளுக்காக ஏர்கன்களை ஒப்படைக்கச் சொன்னபோது, கிராமத்து மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். நமக்குக் காகிதக் குறி போதும். பத்து மீட்டர் தூரம், பழந்துணி இறுக அடைத்த பெட்டி, அதன் பின்னால் கனத்த சுவர், கண்ணுக்குக் கண்ணாடி. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ரவை ஈயம்.

எண்ணெய் சொட்டுவிட்டுச் சுவரோரம் நிறுத்தினோம். அவனுக்குப் பொறுக்கவில்லை. “ரவை போடாம சும்மா ஒரு தடவ மட்டும் இழுத்துப் பாக்கட்டுமா?”

கூடாது என்றேன். குழலில் ரவை இருந்தால்தான் காற்று ஒரு கணம் தங்கும். அந்தக் காற்றுமெத்தையில்தான் பிஸ்டன் போய் அமர்கிறது. ரவை இல்லாவிட்டால் காற்று ஓடிவிடும், பிஸ்டன் நேராக இரும்பில் அறையும், வாசர் நசுங்கும். கையை எடுத்துக்கொண்டான். நாளைச் சாயங்காலம் ரவையோடு வருகிறானாம்.