அழிய மறுக்கும் ஃபோல்டர்

கணினியில் ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ‘ஐநோடு’ எனப்படும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் வட்டில் இருக்கும் சரக்கைக் கணினி தேடி எடுக்கிறது. ஃபோல்டரின் பெயரும் அதற்கு மேலே உள்ள ஃபோல்டரின் பட்டியலில் ஒரு வரிதான். ஆகவே ஒரு ஃபோல்டரை அழிக்க இரண்டு வேலை நடந்தாக வேண்டும்: அதன் பட்டியல் காலியாக வேண்டும், பிறகு மேல் பட்டியலில் உள்ள அதன் வரி நீங்க வேண்டும். கட்டளை வரியில் அழிக்கச் சொல்லியும் ஃபோல்டர் அப்படியே நின்றால், இந்த இரண்டில் ஒன்று தடைப்பட்டிருக்கிறது. எது என்பதைத் திரையில் வரும் ஒற்றை வரிப் பிழைச் செய்தி பெரும்பாலும் சொல்லிவிடும். அதைப் படிக்காமல் அதே கட்டளையின் முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் ‘சூடோ’ சேர்த்து மறுபடி அடிப்பதுதான் பலரின் வழக்கம்.

லினக்ஸில் ‘ஆர்எம்டிர்’ கட்டளை காலி ஃபோல்டரை மட்டுமே நீக்கும். உள்ளே ஒன்றும் இல்லை என்று ‘எல்எஸ்’ காட்டிய பிறகும் ‘டைரக்டரி நாட் எம்ப்டி’ என்று வந்தால், புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஏதோ உள்ளே இருக்கிறது. ‘எல்எஸ்’ உடன் ‘-ஏ’ சேர்த்தால் அது வெளிப்படும். நட்சத்திரக் குறி போட்டு அழித்தாலும் இவை தப்பிவிடும். நட்சத்திரம் புள்ளிப் பெயர்களைத் தொடாது. ஃபோல்டரையே பெயர் சொல்லி ‘ஆர்எம் -ஆர்’ கொடுத்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் பார்க்க வேண்டிய இடம் மேல் ஃபோல்டர். பட்டியலில் ஒரு வரியை நீக்க அந்தப் பட்டியலில் எழுதும் உரிமை வேண்டும். நீக்கப்படும் பொருளின் உரிமை அங்கே கணக்கில் வராது. அதனால்தான் படிக்க மட்டும் என்று குறித்த கோப்பைக்கூட ஒருவர் எளிதில் அழித்துவிட முடிகிறது. முழு உரிமை உள்ள தன் சொந்த ஃபோல்டரையே அழிக்க முடியாமலும் போகிறது. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்பது வேறு கதை. எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனருக்கும் இதே பதில் வந்தால் ‘எல்எஸ்ஆட்டர்’ கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். ‘ஐ’ என்ற எழுத்து தெரிந்தால், மாற்றக் கூடாது என்று யாரோ பூட்டு போட்டிருக்கிறார்கள். ‘சேட்டர் -ஐ’ அதைத் திறந்துவிடும். ஆனால் இந்தப் பூட்டைப் பெரும்பாலும் யாரோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள்; ஏன் போட்டார்கள் என்று விசாரித்துவிட்டுத் திறப்பது நல்லது.

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றால் அந்த ஃபோல்டரில் பெரும்பாலும் ஒரு வட்டோ பென் டிரைவோ மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது அந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கும். ‘யூமவுன்ட்’ செய்த பிறகு ஃபோல்டர் சாதாரணமாக அழியும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற செய்தி தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதிதாக இருக்காது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. விண்டோஸை முழுதாக மூடாமல் ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால், விண்டோஸ் பகுதியைத் திறக்கவே லினக்ஸ் மறுக்கும், அல்லது படிக்க மட்டும் திறக்கும். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி, ஷட்டவுன் கொடுத்தாலும் பாதி ஹைபர்னேட் செய்வதால் இந்தச் சிக்கலை இன்னும் பரப்பியது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை அணைத்து முழுதாக மூடிவிட்டு வந்தால் போதும்.

இதுவரை சொன்னவை எந்த ஊர்க் கணினிக்கும் பொது. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது வரும் சிக்கல் தனி. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டிடிபி கடையில் மாநகராட்சி மண்டலங்களின் பெயரால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு ஃபோல்டர்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் மூன்றும் சொன்ன சொல்லுக்கு அழிகின்றன. கொண்டலாம்பட்டிக்கு மட்டும் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வருகிறது. ஃபோல்டரோ கண் முன்னால் இருக்கிறது.

காரணம் முதல் எழுத்தில் இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வை அடுத்து ஒகரக் குறி என ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் கொண்டலாம்பட்டி 14 குறியீடு, 42 பைட். இரண்டாம் வகையில் 15 குறியீடு, 45 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையும் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடுவதால், இரண்டும் அவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள். இரண்டும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் செய்யும். ஓகாரமும் ஔகாரமும் வரும் எழுத்துகளுக்கும் இதே நிலைமை. கோரிமேடு என்ற பெயர் இதில் மாட்டும், ஏற்காடு மாட்டாது. மேக் கணினியின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும். வடிவமைப்பாளரின் மேக்கிலிருந்து வந்த ஃபோல்டர் கடைக் கணினியில் இப்படித்தான் நுழைகிறது.

கடைப் பெயர்களில் தவறாமல் வரும் ‘ஸ்ரீ’ இன்னொரு கண்ணி. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து தமிழுக்குச் சேர்ந்தது. அதன்பின் ஸ-வில் தொடங்கும் பழைய ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் புதிய ஸ்ரீயும் புழக்கத்தில் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். வலைத்தளத்திலிருந்தோ பிடிஎஃப்-இலிருந்தோ தலைப்பை ஒட்டிப் பெயர் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்பு நீக்கிக் குறியோ கடைசியில் ஓர் இடைவெளியோ கூடவே ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இங்கே எத்தனை முறை தட்டச்சு செய்தாலும் பயன் இல்லை; விசைப்பலகை ஒவ்வொரு முறையும் அதே வகையைத்தான் தரும். பெயரையே தொடாமல் எண்ணைப் பிடிப்பதுதான் வழி. ‘எல்எஸ் -ஐ’ கொடுத்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஐநோடு எண் வரும். அந்த எண்ணை ‘ஃபைன்ட்’ கட்டளையின் ‘-ஐநம்’ ஆப்ஷனுக்குக் கொடுத்து, முதலில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அழிக்கச் சொல்லலாம். அல்லது ‘ஆர்எம் -ஆர்ஐ’ உடன் நட்சத்திரம் போட்டால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கும். வேண்டியதற்கு மட்டும் ‘ஒய்’ சொன்னால் போதும். ‘-பழையது’ என்பதுபோல் சிறுகோட்டில் தொடங்கும் பெயருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அதை ஆப்ஷன் என்று நினைத்துக் குழம்பும் கட்டளைக்கு, பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் தெளிந்துவிடும்.

விண்டோஸில் முதல் சந்தேகம் திறந்திருக்கும் நிரல்மீதுதான் விழ வேண்டும். லினக்ஸ் திறந்திருக்கும் கோப்பையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். விண்டோஸ் பொதுவாக அதற்கு ஒப்பாது. கோரல் டிராவில் திறந்த ஒரு அழைப்பிதழ், ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கும் இன்னொரு கட்டளைச் சாளரம், வைரஸ் சோதனை — எதுவானாலும் ‘ஆர்டி’ கட்டளை நின்றுவிடும். ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து ஃபோல்டர் பெயரைத் தேடினால் பிடித்து வைத்திருக்கும் நிரல் தெரிந்துவிடும்.

அடுத்தது பாதையின் நீளம். விண்டோஸ் நிரல்கள் பலவும் இன்றும் முழுப் பாதைக்கு 260 குறியீடு என்ற பழைய எல்லைக்குள்தான் இயங்குகின்றன. தமிழில் புள்ளியும் துணையெழுத்தும் தனிக் குறியீடாகக் கணக்காவதால், ஏழு எழுத்துள்ள அஸ்தம்பட்டிக்கு 11 குறியீடு போய்விடும். அடுக்கடுக்காகத் தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்கள் சீக்கிரமே எல்லையைத் தொடும். மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் ஓரெழுத்தாக மாற்றிக்கொண்டே வந்தால் பாதை சுருங்கிவிடும், பிறகு ஃபோல்டரை அழிக்கலாம். இல்லையென்றால், ஒரு காலி ஃபோல்டரை அதன்மேல் ‘ரோபோகாப்பி’யின் மிரர் ஆப்ஷனால் நகலெடுத்தால் உள்ளிருப்பது முழுவதும் துடைக்கப்படும்.

‘கான்’ என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, ஒரு இந்தியர் இதைக் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்டாலேயே விளக்க முடியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் பல ஆண்டுகள் இந்தியா முழுக்கச் சுற்றியது. விளக்கம் சாதாரணமானது. 1981-இல் டாஸ் வந்தபோது அதில் ஃபோல்டர் வசதியே இல்லை. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு ‘கான்’, பிரிண்டருக்கு ‘பிஆர்என்’ என்று பெயர்கள் ஒதுக்கப்பட்டன. 1983-இல் ஃபோல்டர்கள் வந்தபோது பழைய நிரல்கள் கெடாமலிருக்க அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டரிலும் செல்லும்படி விடப்பட்டன. லினக்ஸ் வழியாக இப்படியொரு ஃபோல்டர் உருவாகிவிட்டால் விண்டோஸ் அதைச் சாதனம் என்று நினைத்து அழிக்க மறுக்கும். பாதையின் முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு சேர்த்து ‘ஆர்டி’ கொடுத்தால் விண்டோஸ் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களுக்கும் இதுவே மருந்து.

‘-ஆர்எஃப்’ என்பதில் வற்புறுத்தி அழிக்கச் சொல்லும் ‘எஃப்’ இவற்றில் எந்தத் தடையையும் நீக்குவதில்லை. கேள்வி கேட்பதைத்தான் நிறுத்துகிறது. 2015 ஜனவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இருந்த ஒரு ‘ஆர்எம் -ஆர்எஃப்’ வரி, ஃபோல்டர் பெயர் நிரம்ப வேண்டிய இடம் காலியாக இருந்ததால், பயனரின் கோப்புகளையே அழித்த செய்தி வெளிவந்தது. பெயருக்கு நடுவே இடைவெளி உள்ள ஃபோல்டரை மேற்கோள்குறி இல்லாமல் கொடுப்பதும் அதே ஆபத்துதான். கட்டளைக்கு அது இரண்டு பெயர்.

எல்லாம் சரியாக இருந்தும் ஃபோல்டர் அழியாமல், பட்டியலில் விசித்திரமான பெயர்களும் நம்ப முடியாத அளவுகளும் தெரிந்தால், கோப்பு முறையே பழுதாகியிருக்கிறது. முதலில் தேவையானதை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, லினக்ஸில் மவுன்ட்டை நீக்கிய பிறகு ‘எஃப்எஸ்சிகே’, விண்டோஸில் ‘செக்டிஸ்க்’ ஓட்ட வேண்டும். பென் டிரைவின் உள்ளே இருக்கும் சிப்பே தேய்ந்து, இனி எழுத விடமாட்டேன் என்று பூட்டிக்கொண்டிருந்தால் எந்தக் கட்டளையும் அதில் எதையும் அழிக்காது. அதிலிருந்து படிக்க முடிகிறவரை படித்து எடுத்துக்கொண்டு, புதியது வாங்க வேண்டியதுதான்.