சுவரில் பாராட்டு, கோப்பில் இடம் உண்டா?

புது தில்லி: ஒரு வெள்ளைத் தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து நடுவே ஒரு வெட்டு வெட்டினால், தைக்காமலும் ஒட்டாமலும் எட்டுப் பக்கச் சிற்றேடு கிடைத்துவிடும். 1930-களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் நடத்திய ஏடுகளின் வழிவந்த இதற்கு இன்று 'ஜைன்' என்று பெயர். கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல.

மடிப்பைப் பிரித்தால் எட்டுப் பக்கங்களும் தாளின் ஒரே முகத்தில் தெரியும். அதனால் மாணவர் எழுத்தை அப்படியே சுவரில் மாட்டிக் காட்சிப்படுத்த இவ்வடிவம் ஏற்றதாகிறது. யமுனையின் நுரையும், காஜிப்பூர் குப்பை மலையும், குளிர்காலப் புகைமூட்டமும் தில்லி மாணவர்கள் அன்றாடம் காணும் பொருள்கள். விடைத்தாளை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். சுவரில் ஏறிய தாளை ஊரே படிக்கலாம்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழிசெய்தது, எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாகும். திரையரங்குகளில் சுற்றுச்சூழல் குறித்த படவில்லைகளைக் கட்டணமின்றிக் காட்டவும் அது ஆணையிட்டது. விழிப்புணர்வு வகுப்பறைக்குள் முடங்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

மாணவர் எழுத்து பாராட்டோடு நின்றுவிடாமல் கொள்கை விவாதத்திலும் புகுந்ததுண்டு. தில்லியின் ரிட்ஜ் காட்டைக் காக்க 1979-இல் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு 'கல்பவிருட்சம்'. இவ்வமைப்பினர், இந்துக் கல்லூரி இயற்கை மன்றத்தினருடன் சேர்ந்து 1983-இல் நர்மதைப் பள்ளத்தாக்கில் பயணம் செய்தனர். அணைத் திட்டங்களின் விளைவுகளைக் கேள்விக்குள்ளாக்கிய அவர்களது அறிக்கை 1984-இல் வெளியானது. அத்திட்டங்களுக்கு மத்திய அரசின் நிபந்தனையுடன் கூடிய சுற்றுச்சூழல் அனுமதி 1987-இல்தான் கிடைத்தது.

2020-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இன்னொரு சோதனையாக அமைந்தது. கருத்துக் கேட்பின்போது லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. வரைவைப் பிற இந்திய மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்பு இயக்கம் நடத்திய இளைஞர் அமைப்பு ஒன்றின் இணையதளத்தை முடக்கக் கோரிய தில்லி காவல்துறையின் நோட்டீஸில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது எனக் கூறி, பின்னர் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது.

சுவரில் மாட்டினால் கலை, மின்னஞ்சலில் அனுப்பினால் தொல்லை என்று ஒரே கருத்தை இருவிதமாகப் பார்ப்பது ஜனநாயகத்துக்கு அழகல்ல. வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-இல் வகுக்கப்பட்ட கொள்கை. மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களும் பொதுமக்களின் கருத்துகளைக் கோருகின்றன.

கண்காட்சி முடிந்ததும் கழற்றப்படும் தாள்களின் நகல்கள் அக்குழுக்களின் மேஜைக்கும் செல்லட்டும். மாணவர்களுக்கு உண்மையான பரிசு பாராட்டுச் சான்றிதழ் அல்ல, பதில்தான்.