கம்பத்தைக் காக்கும் நஞ்சு

நான் தலைமை ஆசிரியனாக இருந்த நாளில், விளையாட்டுத் திடலைச் சுற்றி இளஞ்சவுக்குக் கம்பங்களை நட்டு வேலி அமைத்தேன். அவற்றின் அடிப்பகுதிக்குத் தாரும் பூசச் செய்தேன். மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், மாணவன் ஒருவன் சாய்ந்து நின்றபோது ஒரு கம்பம் முறிந்தது. நல்ல வேளையாக அவனுக்குக் காயமில்லை. முறிந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் மரத்தினுள் இறங்கிற்று. மேலும் கீழும் உறுதியாயிருந்த கம்பம், தரைமட்டத்தில் மட்டும் இற்றுப்போயிருந்தது.

இதற்குக் காரணம் யாது? மரத்தை உண்ணும் பூஞ்சணங்களுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். கம்பத்தின் மேற்பகுதி விரைவில் உலர்ந்துவிடும்; மண்ணின் ஆழத்தில் காற்றுக் குறைவு. தரைமட்டத்திலோ இரண்டும் கூடியிருக்கின்றன. கறையானும் மண்ணிலிருந்தே ஏறுகிறது. வைரம் பாய்ந்த தேக்கு இவற்றை இயல்பாகவே எதிர்க்கும். இளஞ்சவுக்குக்கு அவ்வாற்றல் இல்லை. நான் பூசிய தார் மேற்பூச்சாகவே நின்றது. மரம் வெடித்ததும் அவ்வெடிப்புகளே பகைக்கு வாயில்களாயின.

ஆகவே மருந்து மரத்தினுள் ஊறவேண்டும். 1838-இல் ஜான் பெத்தெல் என்னும் ஆங்கிலேயர் இதற்கொரு முறை கண்டு காப்புரிமை பெற்றார். மரத்தை இரும்புக் கலத்தில் அடைத்து, காற்றை வெளியேற்றி, கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தோடு உட்செலுத்துவதே அம்முறை. நனைந்த துணி மேலும் நீரை ஏற்காது அல்லவா? அதனால் மரத்தை முன்னரே உலர்த்தவேண்டும். அறுப்பதும் துளையிடுவதும் மருந்தேற்றுமுன்பே முடியவேண்டும். பின்னர் வெட்டினால் மருந்தேறாத உட்பகுதி வெளிப்பட்டுவிடும்.

1933-இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞர், தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையைக் கண்டறிந்தார். தாமிரம் பூஞ்சணத்தை ஒடுக்கும். ஆர்செனிக் கறையானைத் தடுக்கும். குரோமியம் அவ்விரண்டையும் மழையில் எளிதில் கரையாதவாறு மரத்தோடு பிணைக்கும். பல நாடுகளில் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இக்கலவையால் நீண்ட ஆயுள் பெற்றன.

ஆயினும் ஆர்செனிக் கொடிய நஞ்சு. சிறிதளவேனும் அது கசியக்கூடும். எனவே அமெரிக்காவில், பெரும்பாலான வீட்டுப் பயன்களுக்காக மரத்தில் இக்கலவையை ஏற்றுவது 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. ஆர்செனிக் கலவாத தாமிர மருந்துகள் அவ்விடத்தைப் பெற்றன. மருந்தேற்றிய பழைய மரத்தை ஒருபோதும் அடுப்பில் எரிக்கலாகாது. புகையிலும் சாம்பலிலும் அந்நஞ்சு தங்கும்.

நாளை உங்கள் பள்ளி வேலியின் கம்பங்களைத் தரைமட்டத்தில் உற்றுநோக்குங்கள். மரம் மெத்தென்று தோன்றினால், அதன்மீது சாயாமல் உடனே ஆசிரியரிடம் கூறுங்கள். நான் காலந்தாழ்ந்து கற்ற பாடம் உங்களுக்கு முன்னரே பயன்படட்டும்.