இரவு எலிக்குச் சத்தமில்லாத ஆயுதம்: நல்ல கிட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சம்பா, தாளடிப் பயிர் தூர் கட்டித் தொண்டைக் கதிர் வரும் சமயத்தில் விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுப்பது எலிதான். மாலையில் பார்த்தபோது பச்சைப் பசேலென்று நின்ற பயிர், காலையில் நடு வயலில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். தண்டை எடுத்துப் பார்த்தால் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் வெட்டு இருக்கும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றைத் தேய்த்துக்கொள்ள அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே தின்பதைவிட வெட்டிப் போடுவது அதிகம். தொண்டைக் கதிரில் வெட்டுப்பட்ட தூர் மறுபடி துளிர்த்துக் கதிர் தரக் காலம் போதாது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சாகுபடிச் செலவையே தின்றுவிடும் நஷ்டம்.

வரப்பில் பெரிய வளை தோண்டும் பருத்த வயல் எலி, சிறிய புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவை டெல்டா நெல் வயல்களில் காணப்படுகின்றன. இவற்றில் பருத்த எலியே பெரும் சேதம் செய்வது. இதன் சினைக் காலம் மூன்று வாரத்துக்குச் சற்றே அதிகம். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகளும் சுமார் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். நடவின்போது வரப்பில் இருக்கும் ஒரு ஜோடியை விட்டுவைத்தால் அறுவடைக்குள் அது எத்தனையாகும் என்பதை விவசாயிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

துப்பாக்கி நமக்கு உதவாது

பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளில் பயிரை மேயும் முயல்களை ஒழிக்க, சத்தத்தைக் குறைக்கும் குழல் பொருத்திய சிறு துப்பாக்கியுடன் விவசாயிகள் இரவில் வயலுக்குப் போவதுண்டு. சத்தம் கேட்டால் மற்ற முயல்கள் வளைக்குள் ஓடிவிடும் என்பதே காரணம். நம் நாட்டில் அந்த வழிக்கு இடமில்லை. நம் காட்டு முயல் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைச் சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம். எலியையோ துப்பாக்கியால் ஒழிக்க முடியாது. பட்டாசு வெடித்தால் அது அன்றிரவு பக்கத்து வயலுக்குப் போய் மறுநாள் திரும்பி வரும்.

ஆனால் அந்த விவசாயிகள் கடைப்பிடிக்கும் முறை நமக்கும் பொருந்தும். எதிரி நடமாடும் நேரத்தில், அது நடக்கும் பாதையில், ஓசையில்லாமல் வேலை செய்யும் கருவி வேண்டும். அத்தகைய கருவி தஞ்சைப் பகுதியில் நெடுநாளாக இருந்து வருகிறது. அதுதான் மூங்கில் எலிக் கிட்டி.

எந்தப் பொறி எங்கே?

பொறிகளில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு.

கம்பிக் கூண்டுப் பொறி வீட்டுக்கும் தானியக் கிடங்குக்கும் ஏற்றது. எலி உயிருடன் சிக்கும். சேற்று வயலில் பத்து இருபது கூண்டுகளைச் சுமந்து போவது கடினம். விலையும் அதிகம்.

பலகையில் பூட்டிய இரும்புப் பொறி வேகமாக அடிக்கும். ஆனால் நீர் நிற்கும் வயலில் விரைவில் துருப்பிடிக்கும். சமமான, உலர்ந்த தரையும் தேவை. வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் குழந்தைகளின் விரலுக்கு ஆபத்து.

பானைப் பொறி களத்து மேட்டுக்கும் புன்செய் நிலத்துக்கும் ஏற்றது. வாய் குறுகிய மண்பானையை விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, பாதிவரை தண்ணீர் விட்டு, வாயின் மேல் வைக்கோல் தூவி இரை வைக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் நன்செய்யில் பானையில் மழை நீர் நிரம்பிவிடும்.

கிட்டி இந்தக் குறைகள் இல்லாதது. வளைத்துக் கட்டிய மூங்கில் பத்தை, அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, இரை கட்டிய சிறு குச்சி ஆகியவையே இதன் பாகங்கள். எலி இரையை இழுத்ததும் குச்சி நழுவும். வில் விடுபட்டு எலியின் கழுத்தை நெரிக்கும். எடை மிகக் குறைவு. ஒருவர் ஒரே நடையில் ஒரு கட்டைத் தோளில் சுமந்து போகலாம். நீர் நிற்கும் வயலிலும் குச்சி நட்டு நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தலாம். விஷம் இல்லை, அண்டை வயலுக்குத் தொந்தரவும் இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கிட்டியின் உயிர் மூங்கிலில் இருக்கிறது. முற்றிய மூங்கிலில் செய்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இளமூங்கில் வில் ஒரு வாரத்தில் வளைந்தபடியே நின்றுவிடும். கிட்டியை இழுத்துக் கட்டிப் பிறகு விட்டுப் பாருங்கள். வில் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். பத்தையில் வெடிப்பு, பூச்சித் துளை, தூள் கொட்டுதல் ஆகியவை இருந்தால் வாங்க வேண்டாம்.

அடுத்தது கயிறு. நனைந்தால் ஊறித் தளரும் கயிறு நன்செய்க்கு உதவாது. நைலான் கயிறு மழைக்கும் பனிக்கும் தாங்கும்.

மூன்றாவது இரைக் குச்சி. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் விழக்கூடிய அளவுக்கு அது இலகுவாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மிகவும் தளர்வாக இருந்தால் காற்றிலேயே விழுந்துவிடும். ஒவ்வொரு கிட்டியையும் இவ்வாறு சோதித்து வாங்குவது நல்லது. விரலை விட்டுச் சோதிக்கக் கூடாது.

பகலில் கிட்டியை வில் தளர்த்தி, நிழலில் வைக்க வேண்டும். இழுத்துக் கட்டியபடியே போட்டு வைத்தால் நல்ல மூங்கிலும் விசை இழந்துவிடும்.

வைக்கும் முறை

ஏக்கருக்கு 40 கிட்டிகள் தேவை. ஐந்தாறு கிட்டிகளை வைத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வது சரியல்ல.

முதல் நாள் மாலை வயலைச் சுற்றி வந்து எல்லா வளைகளையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலை எந்த வளை திறந்திருக்கிறதோ, எங்கே புது மண் குவிந்திருக்கிறதோ, அங்கே எலி குடியிருக்கிறது. எலி கண்டபடி ஓடுவதில்லை. வரப்பின் ஓரமாகவும் பயிரின் ஊடேயும் நாள்தோறும் ஒரே பாதையில்தான் போகும். புல் படிந்து வழுவழுப்பாக இருக்கும் அந்தத் தடத்தில் கிட்டி வைக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிலும் சில கிட்டிகள் வைக்கலாம்.

நெல் பொரி, கருவாட்டுத் தூள் கலந்த அரிசி மாவு ஆகியவை நல்ல இரை. புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். எனவே முதல் இரண்டு இரவுகள் கிட்டியை இழுத்துக் கட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, மூன்றாம் இரவு கட்டினால் பிடிப்பு அதிகமாகும்.

பொழுது சாய்ந்த பின் வைத்து, விடியும்போதே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் காலையில் இரை தேடி வரும் பறவைகள் மாட்டிக்கொள்ளும். எத்தனை எலி விழுந்தது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். 40 கிட்டிக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்ததும் அடுத்த வயலுக்கு மாற்றலாம்.

கிட்டி போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் டெல்டாவில் இருக்கிறார்கள். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுப்பது வழக்கம். சிறு விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்து அமர்த்திக்கொண்டால் செலவு கட்டுப்படியாகும். ஒருவர் மட்டும் பிடித்துப் பயனில்லை. காலியான வளைக்கு அடுத்த வரப்பு எலி குடிவந்துவிடும்.

பருவம் முக்கியம்

நட்ட சில வாரங்களில் தொடங்கித் தொண்டைக் கதிருக்குள் கிட்டி வேலையை முடித்துவிட வேண்டும். கதிர் பால் பிடித்துவிட்டால் எலிக்கு வயலெல்லாம் விருந்து. நம் இரையை அது திரும்பிப் பார்க்காது. இதைவிடச் சிறந்தது கோடை. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது எலிக்கு உணவு குறைவு, எண்ணிக்கையும் குறைவு. அப்போது ஊரே சேர்ந்து வளை வெட்டியும் கிட்டி வைத்தும் ஒழித்தால் அடுத்த போகத்துக்குப் பாதி வேலை முடிந்தது போல.

வரப்பை அகலமாகப் போடுவது எலிக்கு வீடு கட்டித் தருவதாகும். அகலம் 45 செ.மீ., உயரம் 30 செ.மீ. அளவுக்குள் வரப்பு இருந்தால் பெரிய எலி வளை தோண்ட இடம் கிடைக்காது. வரப்புப் புல்லையும் செதுக்கிவிட வேண்டும்.

கிட்டிக்குத் துணை கூகை. இந்தப் பறவையும் இரவில் ஓசையின்றிப் பறந்து எலியைப் பிடிப்பதுதான். பயிரைவிட உயரமாக, மேலே குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை வயலில் ஆங்காங்கே நட்டால் கூகை வந்து அமரும். பகலில் கரிச்சான் அமர்ந்து பூச்சிகளைத் தின்னும். கதிர் வெளிவந்ததும் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கு அவை வசதியாகிவிடும். கூகை அலறினால் கெடுதல் என்று கல்லெறிபவர்கள், சம்பளம் வாங்காத காவல்காரனை விரட்டுகிறார்கள்.

விஷமும் மின்சாரமும்

எலி மிகுந்த இடத்தில் விஷ இரை வைக்க நேரலாம். துத்தநாக பாஸ்பைடு ஒரு பங்குக்கு 49 பங்கு பொரி அல்லது கருவாடு என்பது பரிந்துரை. ஆனால் இதை ஒருமுறை தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. மனிதர் உட்கொண்டுவிட்டால் இதற்கென்று தனி முறிவு மருந்தும் இல்லை. புரோமடியோலோன் போன்ற மருந்துகள் மெதுவாகக் கொல்பவை. அவற்றைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் பூனையும் பாதிக்கப்படும். வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் விஷத்தில் இறங்க வேண்டாம். வைத்தால் மீதி இரையைக் காலையில் எடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

எக்காரணம் கொண்டும் வயலைச் சுற்றி மின்கம்பி கட்டாதீர்கள். எலிக்கென்று கட்டிய கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போனவரும், கட்டியவரின் வீட்டாருமே இறந்த செய்திகளை நாம் படிக்கிறோம். ஈர வரப்பில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இது சட்டப்படியும் குற்றம். ஒரு போகத்து நெல்லைப் பிறகு விளைவித்துக் கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.

செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது. எலியின் சிறுநீர் வழியாக எலிக் காய்ச்சல் பரவும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வயலில் இறங்க வேண்டும். எலிகளைக் குழி தோண்டிப் புதைத்து, கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சேற்று வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று, வயலில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டுக் கிட்டியை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, வாரம் ஒரு வயலாகச் சுற்றி வைத்தால் செலவு பெரிதல்ல. இப்போதே வரப்பைச் சுற்றி வந்து, புது மண் தள்ளிய வளை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பயிர் தொண்டைக் கதிருக்கு வருமுன் வேலையைத் தொடங்குவதே விளைச்சலைக் காக்கும்.