பனி விழுமா, விழாதா? தெருவிளக்கைப் பார்த்தே ராத்திரியைக் கழிக்கும் லண்டன் ஆசாமிகள்!

நள்ளிரவு மணி 2. லண்டன் நகரில் ஒரு தெரு. ஈ, காக்கை இல்லை. திடீரென்று ஒரு வீட்டு மாடி ஜன்னலில் திரை மெல்ல விலகுகிறது. ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே தலை!

திருட்டுப் பயமா? இல்லை. காதல் விவகாரமா? அதுவும் இல்லை. அந்த ஆசாமி உற்று உற்றுப் பார்ப்பது எதிரே நிற்கும் தெருவிளக்கை!

விஷயம் இதுதான். வானத்திலிருந்து பனி விழ ஆரம்பித்தால் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் மட்டும் பஞ்சுத் துணுக்கு போலப் பறப்பது பளிச்சென்று தெரியும். முதல் துணுக்கைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முழிப்பு!

பிரிட்டனில் இப்படிப்பட்ட "பனிப் பைத்தியங்கள்" ஏராளம். குளிர் காலத்தில் "கிழக்குக் காற்று வருகிறது" என்று ஒரு சேதி கிளம்பினால் போதும். தூக்கம் போச்சு. சாப்பாடு போச்சு. கையில் ராடார் படம், கண்ணில் தெருவிளக்கு, வாசலில் தெர்மாமீட்டர் என்று உட்கார்ந்து விடுகிறார்கள்.

நம்மூர்ப் பனி வேறு

மார்கழி மாதம் நாம் முண்டாசு கட்டிக்கொண்டு "என்னா பனி!" என்கிறோமே, அந்தப் பனி அல்ல இது. ஊட்டியில் புல் மேல் உப்புத் தூவினது போலப் படியுமே, அதுவும் அல்ல. அது உறைபனி. தரையிலேயே உண்டாவது. லண்டன்காரர்கள் ஏங்குவது வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கும் வெண்பனிக்கு.

"லண்டனில் அதுக்கு என்ன பஞ்சம்? சினிமாவிலே பார்க்கிறோமே" என்று கேட்கலாம். வாழ்த்து அட்டையிலும் சினிமாவிலும்தான் அங்கே பனி கொட்டுகிறது. நிஜத்தில் குளிர் காலத்திலும் லண்டனில் பகல் வெப்பம் சாதாரணமாக 8, 9 டிகிரி இருக்கும். மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் காற்று ஈரத்தோடு வெதுவெதுப்பையும் கொண்டு வந்து விடுகிறது. ஆகவே கிடைப்பது பெரும்பாலும் மழை, மழை, மழைதான்!

ஒரு டிகிரிதான் வில்லன்

பனி விழ இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று குளிர். இன்னொன்று ஈரம். பிரிட்டனில் இந்த இரண்டும் கீரியும் பாம்பும் மாதிரி. சைபீரியாப் பக்கமிருந்து குளிர் காற்று வந்தால் அதில் ஈரம் குறைவு. அட்லாண்டிக்கிலிருந்து ஈரம் வந்தால் குளிர் ஓட்டம் பிடித்து விடும். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஊரில் சந்திக்க வேண்டும். அப்போதுதான் பனி!

ஜீரோ டிகிரிக்குக் கீழே போனால்தான் பனி விழும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பிரிட்டிஷ் வானிலை இலாகா சொல்லும் கணக்குப்படி, ஜீரோவுக்கும் 2 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் அங்கே கனமான பனி கொட்டுகிறது. 2 டிகிரிக்கு மேலே போனால் பனியும் மழையும் கலந்து சொதசொதவென்று விழும். இன்னும் ஏறினால் வெறும் மழை.

அதாவது ஒரே ஒரு டிகிரி! அந்த ஒரு டிகிரி ஏறினால் தெருவிளக்கடியில் காத்திருந்தவர் முகம் தொங்கிப் போகும். இறங்கினால் விடிவதற்குள் ஊரே வெள்ளை!

இதனால்தான் இந்த ஆசாமிகள் வானத்தை மாடி மாடியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் மைனஸ் 5 டிகிரி இருக்கிறதா? தரைப் பக்கம் காற்றில் ஈரம் எப்படி? கடல் பக்கமிருந்து வீசுகிறதா, நிலத்தின் மேலே வருகிறதா? ஒவ்வொன்றையும் துருவித் துருவிப் பார்த்து, அப்புறம்தான் "ஆமாம்" அல்லது "போச்சுடா!"

ராத்திரி 10 மணி "பப் ரன்"

இவர்களுக்கு இரண்டு ஜோசியர்கள் உண்டு. இரண்டும் கம்ப்யூட்டர். ஒன்று அமெரிக்க அரசாங்கத்துடையது. நாளைக்கு 4 தடவை கணக்குப் போட்டு, 16 நாள் வரை வானிலையைப் படம் படமாக வெளியிடும். இன்னொன்று ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்துவது. இதன் தலைமை ஆபீஸ் லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் இருக்கிறது.

அமெரிக்கக் கணிப்பின் நாலாவது படம் பிரிட்டனில் ராத்திரி 10 மணி வாக்கில் வரும். மதுக்கடைக்குப் போனவர்கள் தள்ளாடித் திரும்பும் நேரம். அந்தப் படமும் சில நாள் போதை ஏறினது போல "ஊரெல்லாம் பனி" என்று உளறி வைக்கும். ஆகவே இதற்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் "பப் ரன்"! ராத்திரி அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவர், காலையில் எழுந்து அடுத்த படத்தைப் பார்த்தால் பனியைக் காணோம். பத்து நாள் தள்ளி வரும் பனியை நம்பாதே என்பது இந்தக் கூட்டத்தின் முதல் பாடம். ஆனாலும் நம்புகிறார்கள்!

சில சமயம் ஜோசியம் பலித்தும் விடுகிறது. 2018 பிப்ரவரியில் வட துருவத்துக்கு மேலே, வானத்தின் வெகு உயரத்தில் திடீரென்று வெப்பம் ஏறியது. "இன்னும் இரண்டு வாரத்தில் பாருங்கள்" என்று விவரம் தெரிந்தவர்கள் உஷாரானார்கள். அதே மாதக் கடைசியில் சைபீரியக் காற்று பிரிட்டனைப் புரட்டி எடுத்தது. "கிழக்கிலிருந்து வந்த மிருகம்" என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் சூட்டின. ஸ்காட்லாந்தில் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் மாட்டிக்கொண்டு நின்றன.

பஸ்ஸே ஓடாத திங்கட்கிழமை

லண்டன்காரர்கள் இன்றும் மறக்காத நாள் 2009 பிப்ரவரி 2. கிழக்குக் காற்று கடலிலிருந்து தேம்ஸ் நதியின் முகத்துவாரம் வழியாகப் பனி மேகங்களை வரிசையாக லண்டனுக்குள் தள்ளியது. 18 வருஷத்தில் காணாத பனி. நகரம் முழுக்க பஸ் சர்வீஸ் நின்றது. ஆபீஸ் போக வேண்டியவர்கள் பார்க்கில் பனி உருண்டை எறிந்து விளையாடினார்கள்.

ரயில் பயணிகளுக்கு இன்னொரு கதை நினைவிருக்கும். 1991 பிப்ரவரியில் பனியால் ரயில்கள் அங்கங்கே நின்று போயின. விழுந்தது மாவு போன்ற பொடிப் பனி. மின்சார மோட்டாருக்குள் புகுந்து கெடுத்தது. "இந்த மாதிரிப் பனியால்தான் தொல்லை" என்கிற அர்த்தத்தில் ஒரு ரயில்வே அதிகாரி ரேடியோவில் சொல்லப் போக, லண்டன் மாலைப் பத்திரிகை "தப்பான பனி மேல் ரயில்வே பழி" என்கிற தோரணையில் தலைப்புப் போட்டது. அன்றிலிருந்து அந்த ஊரில் யார் சாக்குச் சொன்னாலும் "ஓகோ, தப்பான பனியா?" என்று கேலி!

பழைய கதை இன்னும் அமர்க்களம். 1814 பிப்ரவரியில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேலேயே கடை போட்டுத் திருவிழா நடத்தினார்கள். பிளாக்பிரையர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு யானையையே நதி மேல் நடத்திக் காட்டினார்களாம்! பிற்பாடு பழைய லண்டன் பாலத்தை இடித்ததால் தண்ணீர் வேகமாக ஓட ஆரம்பித்தது. லண்டனுக்குள் அப்படி ஒரு திருவிழா மறுபடி நடக்கவே இல்லை.

1962 டிசம்பர் 26-ல் தொடங்கிய பனி, பல இடங்களில் மறு வருஷம் மார்ச் வரை தரையை விட்டுப் போகவில்லை. கால்பந்து மைதானங்கள் மூடிக் கிடந்தன. கால்பந்து முடிவுகளை வைத்து வாராவாரம் பணம் கட்டும் சூதாட்டக் கம்பெனிகள் தவித்துப் போயின. என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னாள் ஆட்டக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, "ஆட்டம் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?" என்று முடிவு சொல்லச் சொன்னார்கள். ஆடாத ஆட்டத்துக்கு ரிசல்ட்!

ஒரு துணுக்குக்குப் பணம்

சூதாட்டம் என்றதும் கிறிஸ்துமஸ் ஞாபகம் வருகிறது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது போல, கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா என்று அங்கே பந்தயம் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் லண்டன் வானிலை நிலையத்தில் விழுந்ததா என்பதுதான் தீர்ப்பு. வானிலை இலாகாவின் விதி இப்போது இன்னும் வேடிக்கை. டிசம்பர் 25-ந் தேதி 24 மணி நேரத்துக்குள் நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனித் துணுக்கு விழுந்ததைப் பார்த்தால் போதும், "வெள்ளைக் கிறிஸ்துமஸ்"!

2023-ல் இப்படித்தான் நடந்தது. 11 சதவீத வானிலை நிலையங்களில் பனி விழுந்ததாகப் பதிவு. ஆனால் ஒரு நிலையத்தில்கூட அது தரையில் தங்கவில்லை. பேப்பரில் வெள்ளை, வாசலில் பச்சைப் புல்!

நாடு பரவலாகக் கிறிஸ்துமஸ் அன்று தரை வெள்ளையாக இருந்தது 1960-க்குப் பிறகு 1981, 1995, 2009, 2010 என்று நாலே வருஷம். பூமி சூடேற ஏற, இந்த வாய்ப்பு இன்னும் குறைந்துகொண்டே வருவதாக வானிலை இலாகா சொல்கிறது. தெருவிளக்கை முறைப்பவர்களின் தவிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஜீரோ, வேறு கண்

கேட்க ரசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தெருவில் இன்னொரு வீட்டிலும் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார்கள். அவர்கள் பனிக்காகப் பார்க்கவில்லை. பணத்துக்காகப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஏழை முதியவர்களுக்கும் உதவித்தொகையில் காலம் தள்ளும் சில குடும்பங்களுக்கும் "குளிர் படி" என்று ஒன்று உண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பம் ஜீரோ அல்லது அதற்குக் கீழே இருந்தால் 25 பவுண்டு. நம் பணத்துக்கு 3 ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வானிலை நிலையம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நிலையத்துக் கணக்குதான் கணக்கு. சராசரி ஒரு டிகிரி என்று வந்தால்? குளிர் என்னவோ நடுக்கும். பணம் வராது!

வயதானவர்கள் இருக்கும் அறையை 18 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சுகாதார இலாகா சொல்கிறது. ஹீட்டர் போட்டால் பில் ஏறும். போடாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். இந்த ஒரு டிகிரிக் கணக்கு அந்த வீட்டுக் கிழவிக்கு விளையாட்டு அல்ல.

வீடே இல்லாதவர்கள் கதி? லண்டனில் எந்த மூலையிலாவது ஒரு ராத்திரி ஜீரோவுக்குப் போகும் என்று வானிலை அறிவிப்பு வந்தால், பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு அவசரத் தங்குமிடம் திறக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் ஏற்பாடு வைத்திருக்கிறது. இங்கேயும் அந்த ஜீரோதான்!

2010 டிசம்பர் 18-ந் தேதி பனியில் ஹீத்ரு விமான நிலையம் முடங்கியபோது, கிறிஸ்துமஸுக்கு ஊர் போக வந்த ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

2022 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி லண்டனில் பனி கொட்டியது. காத்திருந்தவர்களுக்கு ஒரே குஷி. போட்டோவாக எடுத்துத் தள்ளினார்கள். அதே நாள் பிற்பகலில், பர்மிங்காம் பக்கத்தில் சோலிஹல் என்கிற ஊரில் ஒரு ஏரி உறைந்து கிடந்தது. மேலே கால் வைத்த சிறுவர்களோடு பனிப் பாளம் உடைந்தது. போலீசாரும் தீயணைப்புப் படையினரும் தண்ணீருக்குள் இறங்கிப் போராடினார்கள். நான்கு சிறுவர்கள் பிழைக்கவில்லை. பெரியவனுக்கு வயது 11. சின்னவனுக்கு 6.

குளிர் ஒன்றுதான். தெருவிளக்கடியில் பஞ்சாகப் பறந்ததும் அதுதான். ஏரியை மூடி ஏமாற்றியதும் அதுதான்.

பனிக்குக் காத்திருப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் ஆசைப்பட்டதால் பனி விழுவதுமில்லை, திட்டினால் நிற்பதுமில்லை. ஆனால் குளிர் வரப்போவது ஊருக்கு முன்னால் தெரிவது அவர்களுக்குத்தான். ஒரு வாரம் முன்னாடியே வானத்தைத் துருவிக் கண்டுபிடிக்கிறவர், பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "அடுத்த வாரம் கடுங்குளிர், ஹீட்டர் சரியா இருக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

லண்டனில் நம் ஜனங்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி என்று உங்களுக்கும் ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருக்கலாம். இனி "லண்டனில் பனி" என்று சேதி வந்தால், போன் போட்டு "போட்டோ அனுப்பு" என்று கேளுங்கள், தப்பில்லை. அதுக்கு முன்னாடி, "வீட்டிலே ஹீட்டர் ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.